கொடுப்பவரையும் சட்டம் தொடட்டும்

தங்க நாணயம், எல்சிடி டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப், மாநாட்டுக் கட்டணம். ‘ஜிங்கோவிட்’ சத்து மாத்திரையைப் பரப்புவதற்காக அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் டாக்டர்களுக்குக் கொடுத்தவை இவை. இதற்கான சுமார் 4.72 கோடி ரூபாயை வியாபாரச் செலவாகக் காட்டி, வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் கேட்டது. பரிசு வாங்கக் கூடாது என்ற விதி டாக்டர்களுக்குத்தானே, கொடுப்பவருக்கு இல்லையே என்பது அதன் வாதம். சென்னையில் தொடங்கிய அந்த வழக்கில், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. இந்தப் பரிசுகள் இலவசம் அல்ல, மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விடிகின்றன என்றும் சொன்னது.

அருமையான தீர்ப்பு. ஆனால் அது பறித்தது வரிச் சலுகையை மட்டுமே. ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர்களைச் சுற்றியே எழுதப்பட்டது. அரசு மருத்துவமனை டாக்டர் லஞ்சம் வாங்கினால் சிறை. 2018 திருத்தத்துக்குப் பின் கொடுத்தவருக்கும் ஏழாண்டு வரை சிறை. தனியார் கிளினிக்கில் ஸ்கேன் சென்டரின் கமிஷன் கவரை வாங்குபவரை நேரடியாகச் சிறைக்கு அனுப்பும் சட்டம் நம்மிடம் இல்லை. நோயாளியை அனுப்பிக் கமிஷன் பெறுவதை மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள் தெளிவாகவே தடுக்கின்றன. மீறினால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். கவரைக் கொடுத்த சென்டரை அந்த விதி தொடுவதில்லை.

மருந்து நிறுவனங்களுக்கு 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு நடத்தை நெறி கொண்டுவந்தது. புகாரை விசாரிப்பது அந்த நிறுவனங்களின் சங்கமேதான். அதே ஆண்டு, 30 டாக்டர்களைப் பாரிஸுக்கும் மொனாகோவுக்கும் அனுப்பிய ஒரு பன்னாட்டு நிறுவனம் பிடிபட்டது. கிடைத்தது கண்டனம். கோடிகளைச் செலவிட்டு நூறு மடங்கு எடுக்கத் துடிக்கும் நிறுவனத்தைக் கண்டனம் என்ன செய்துவிடும்?

அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டுப் பணம் தொடர்பான கமிஷனுக்கு, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பத்தாண்டு வரை சிறை உண்டு. சொற்பொழிவுக் கட்டணம் என்ற பெயரில் டாக்டர்களுக்குப் பணம் கொடுத்து ஃபென்டனில் மருந்தை எழுதவைத்த இன்சிஸ் நிறுவனத்தின் நிறுவனர் ஜான் கபூருக்கு 2020இல் ஐந்தரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. எந்த நிறுவனம் எந்த டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதையும் அங்கே யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

எல்லாத் தொழிலிலும் கமிஷன் இருக்கிறதே என்பார்கள். மற்ற கடைகளில் பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம். எழுதிக் கொடுத்த டெஸ்ட் தேவைதானா என்று வயிற்று வலியோடு உட்கார்ந்திருப்பவர் எப்படிக் கேட்பார்? அவர் டாக்டர் மேல் வைக்கும் நம்பிக்கையை விற்பது மோசடி. கமிஷன் வேண்டாம் என்று சொல்லும் டாக்டர்கள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைப் பிழைக்கத் தெரியாதவர் என்று பேசும் நிலையைச் சட்டத்தின் மௌனமே வளர்க்கிறது.

தனியார் மருத்துவத்தில் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். நிறுவனங்கள் டாக்டர்களுக்குச் செய்யும் செலவு ஆண்டுதோறும் பெயரோடு வெளியாக வேண்டும். தமிழக அரசு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. லேப்களும் ஸ்கேன் சென்டர்களும் இங்கே மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றே இயங்க வேண்டும். கமிஷன் கொடுத்தது உறுதியானால் பதிவு ரத்து என்ற நிபந்தனையை அதில் சேர்க்கட்டும்.