எண்ணுவதற்கு எங்கே தமிழ்?

கனடா நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசும்போது அவரை ஆமோதிப்பவர்கள் ‘ஹியர், ஹியர்’ என்று குரல் கொடுப்பது வழக்கம். அவைக் குறிப்பின் பிரெஞ்சுப் பதிப்பில் அதே இடத்தில் ‘பிராவோ’ என்று இருக்கும். இந்தக் குறிப்புகளைக் கொண்டு மொழிபெயர்க்கப் பழகிய ஐபிஎம் நிறுவனத்தின் கணினி ஒன்று, ‘ஹியர்’ என்றால் பிரெஞ்சில் ‘பிராவோ’ என்றே முடிவுகட்டியது. அதற்கு அது தந்த நிகழ்தகவு 0.992. ‘கேட்பது’ என்று உண்மையிலேயே பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லின் வடிவங்களுக்கெல்லாம் சேர்த்து நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

கணினியைக் குறைசொல்ல முடியாது. கொடுத்த ஏட்டில் இருந்ததை எண்ணிச் சொன்னது, அவ்வளவுதான். மொழியைப் புள்ளியியலால் கையாளும் முறை அன்றிலிருந்து எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனால், இன்றைய செயற்கை நுண்ணறிவு உரையாடிகள்வரை இந்த அடிப்படை மாறவில்லை. எந்த ஏட்டை எண்ணக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம். அந்த ஏடுகளில் முக்கியமான ஒரு பகுதி அரசுகளின் கையில் இருக்கிறது. தமிழுக்கான தொழில்நுட்பம் குறித்துப் பேசும் நாம், இதை மட்டும் பேசாமல் விடுகிறோம்.

எண்ணும் யோசனை பழையது. 1913-ல் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்த்ரேய் மார்க்கவ், புஷ்கினின் ‘யெவ்கேனி அனேகின்’ நூலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக் கையாலேயே எண்ணினார். அவற்றில் 43% உயிரெழுத்துகள். ஆனால், ஓர் உயிரை அடுத்து இன்னோர் உயிர் வருவது 13% மட்டுமே; மெய்யை அடுத்து உயிர் வருவதோ 66%. முந்தைய எழுத்து தெரிந்தால் அடுத்ததை ஓரளவு ஊகிக்கலாம் என்றாகிறது. கைப்பேசியில் தட்டும்போது அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கும் வசதிக்கு இந்தக் கணக்குதான் மூதாதை.

கணினி மொழிபெயர்ப்பில் இறங்கியவர்கள் முதலில் இந்தப் பக்கம் திரும்பவில்லை. 1954-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் 250 சொற்கள், ஆறு விதிகளை வைத்து ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டின. சில ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும் என்றார்கள். விதி எழுத எழுத விதிவிலக்குகள் பெருகின. 1966-ல் அமெரிக்காவில் நிபுணர் குழு ஒன்று உதட்டைப் பிதுக்கியது, நிதியும் வற்றியது.

பிறகு ஐபிஎம்மில் பேச்சை எழுத்தாக்கும் ஆய்வு நடத்திய ஃபிரெட் ஜெலினெக்கின் குழு இலக்கண நூலை மூடிவைத்துவிட்டு எண்ணத் தொடங்கியது. பீட்டர் பிரவுன், ராபர்ட் மெர்சர் முதலானோர் அங்கே பழகிய கணக்கை மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஓர் ஆங்கில வாக்கியம், அதற்கு நேரான பிரெஞ்சு வாக்கியம். தொடக்கத்தில் இதன் எந்தச் சொல்லும் அதன் எந்தச் சொல்லுக்கும் இணையாக இருக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் சம மதிப்பெண். லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கடக்கும்போது, சேர்ந்தே வரும் இணைகளுக்கு மதிப்பெண் ஏறும். தற்செயலாகச் சேர்ந்தவற்றுக்கு இறங்கும். புதிய மதிப்பெண்களோடு முதலிலிருந்து மறுபடியும் எண்ண வேண்டும். இப்படிப் பல சுற்று போனால் அகராதி தானாகவே திரண்டுவிடும்.

1993-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் எண்ணப்பட்ட வாக்கிய இணைகள் 17 லட்சத்துக்கும் மேல். அத்தனையையும் மொழிபெயர்த்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது கனடா அரசு. 1969-ல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டத்தின்படி இரு மொழிகளுக்கும் சம இடம் தர வேண்டிய கடமை அதற்கு இருந்தது; நாடாளுமன்ற அவைக் குறிப்புகள் கணினியில் ஏற்றும் வடிவிலும் இருந்தன. 2005-ல் ஃபிலிப் கோன் ஐரோப்பிய நாடாளுமன்ற நடவடிக்கைகளை 11 மொழிகளில் தொகுத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். டேனிஷ் பேசுவோரும் சரி, ஃபின்னிஷ் பேசுவோரும் சரி, தனித்தனியே தமிழ் பேசுவோரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், மொழிபெயர்ப்பு ஆய்வில் அவை நம்மை முந்திக்கொண்டன. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் இடம்பெற்றது 2011-ல்தான்.

தமிழுக்கு ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. ‘வந்தவர்களிடமிருந்துதான்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நான்கைந்து சொற்கள் வேண்டும். நமக்கு அது ஒரே சொல். வேற்றுமையும் இடமும் காலமும் ஒட்டி ஒட்டி ஒரு வினையடி எண்ணற்ற வடிவங்களை எடுக்கிறது. எவ்வளவு பெரிய தொகுப்பிலும் அவற்றில் பல ஓரிரு முறைதான் தலைகாட்டும். ஒருமுறை மட்டும் பார்த்ததை வைத்து என்ன கணக்குப் போடுவது? சொல்லைத் துண்டுகளாக்கி எண்ணுவது இன்றைய தீர்வு. துண்டு எங்கே விழ வேண்டும் என்பதையும் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. ஆங்கிலம் குவிந்த தொகுப்பில் தமிழ்ச் சொல் பொடிப்பொடியாக நறுக்கப்படுகிறது. அதே செய்திக்கு அதிகத் துண்டுகள். துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சேவையில் அதிகச் செலவு. ஆங்கிலத்தைவிட அதிக உரை தேவைப்படும் மொழிக்கு அதைவிட மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

நம்மிடம் உரை இல்லாமலில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் பாடத்துக்குப் பாடம் இணையாக வருகின்றன. ஒளிச்சேர்க்கை முதல் ஓம் விதிவரை ஆசிரியர்கள் சரிபார்த்த சொல்லாட்சி அதில் இருக்கிறது. மாநிலச் சட்டங்கள் இரு மொழிகளில் உண்டு. இலங்கையில் சட்டங்கள் மும்மொழியில் வெளியாகின்றன. அங்கே மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரச ஆவணங்களைக் கொண்டு சிங்களம்-தமிழ் மொழிபெயர்ப்பு முறையொன்றை உருவாக்கினார்கள். சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ குழு 2021-ல் வெளியிட்ட ‘சமானந்தர்’ என்ற இணை வாக்கியத் தொகுப்புக்கோ இணையத்தையெல்லாம் சலித்தெடுக்க வேண்டியிருந்தது.

ஏன் சலிக்க வேண்டும்? அரசாணைகள் பலவும் வருடிய படங்களாகக் கிடக்கின்றன. எழுத்தாக இருப்பவற்றிலும் பழைய எழுத்துருக்களின் தொல்லை. ‘பாமினி’யில் தட்டச்சு செய்த ‘தமிழ்’ என்ற சொல் கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற ஆங்கில விசைகளாகவே பதிந்திருக்கும். பார்க்கும் கண்ணுக்குத் தமிழ். எண்ணும் கணினிக்குக் குப்பை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடை ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010-ல். அதற்கு முந்தைய கோப்புகளை மாற்றும் வேலையை யாரும் பெருமையாக நினைப்பதில்லை. மாநாட்டு மேடையில் அதற்குக் கைதட்டல் கிடைக்காதே!

பாடநூலை மட்டும் எண்ணினால் கணினிக்குப் ‘படி’ என்பது பாடம் படிப்பதாக மட்டுமே தெரியும், மாடிப்படி தெரியாமல் போகும் என்பது நியாயமான அச்சம். அதற்காகவே நாளிதழும் நாவலும் வட்டாரப் பேச்சும் தொகுப்பில் சேர வேண்டும். அவற்றுக்கு எழுதியவர்களின் உரிமை, ஒப்புதல், ஊதியம் என்று பேசித் தீர்க்க வேண்டியவை நிறைய. மக்கள் பணத்தில் உருவான ஆவணங்களுக்கு அந்தத் தடை பெரும்பாலும் கிடையாது.

ஆகவே, பாடநூல் கழகம் ஒவ்வொரு பாடத்தின் இருமொழி உரையையும் பத்திக்குப் பத்தி பொருத்தி, யூனிகோடில், யாரும் பயன்படுத்தும் உரிமத்தோடு வெளியிட வேண்டும். சட்டத் துறை தன் மொழிபெயர்ப்புகளையும் அவ்வாறே தர வேண்டும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். துறைச் செயலர் ஒருவரின் கையெழுத்து போதும். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்.