மஞ்சள் பூவெல்லாம் கடுகு அல்ல

மழை ஓய்ந்ததும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துத் தரிசுகளிலும் வரப்புகளிலும் மஞ்சள் பூவோடு தலைகாட்டும் செடியைக் 'காட்டுக் கடுகு' என்று சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் நாய்க்கடுகு. கடுகுக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் கடுகுக் குடும்பம் அல்ல.

பூவைக் கிள்ளிப் பாருங்கள். கடுகுப் பூவில் இதழ்கள் நான்கு. மகரந்தத் தாள்கள் ஆறு. அவற்றில் நான்கு நீளம், இரண்டு குட்டை. நாய்க்கடுகுக்கும் இதழ் நான்குதான். மகரந்தத் தாள்களோ பத்துக்கும் மேல். இலை மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும், நெடி அடிக்கும்.

இவ்விரண்டின் பெயரை மாற்றிச் சொன்னால் பெரிய கேடில்லை. ஏமாறக் கூடாதது பிரமதண்டிடம். அதன் இலையிலும் காயிலும் முள் இருக்கும்; ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். விதை மட்டும் கடுகைப் போலவே கறுத்து உருண்டிருக்கும். 1998இல் டெல்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயைச் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியது, மூச்சுத் திணறியது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

விதையில் சந்தேகமா? நசுக்கிப் பாருங்கள். கடுகின் மேல்தோல் வழவழப்பாகவும் உள்ளே மஞ்சளாகவும் இருக்கும். பிரமதண்டு விதை சொரசொரப்பு; உள்ளே வெள்ளை. வயலில் பிரமதண்டைக் கண்டால் காய் வெடிக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள். அடையாளம் பிடிபடாத செடியைப் பூவும் காயுமாக உதவி வேளாண் அலுவலரிடமோ குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். களப்பணியாளர்களும் பெயரைக் கேட்டு எழுதாமல், செடியைப் பார்த்து எழுத வேண்டும்.