பிரேக்கரை வாயடைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

தெப்பக்காட்டுப் பக்கம் சின்னதாகத் தங்கும் விடுதி நடத்தும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். "சார், நீச்சல் குளத்து மோட்டாரைப் போட்டாலே பிரேக்கர் விழுந்துடுது. மூணு நாளா இதே ரோதனை. எலக்ட்ரீஷியன் ஒரு வழி சொல்றார், செஞ்சிடலாமா?" என்றான். என்ன வழி என்று கேட்டேன். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு லைனை நேராகக் கொடுப்பது, 16 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 32 போடுவது. "அப்புறம் விழவே விழாதாம் சார்."

உண்மைதான், பிரேக்கர் விழாது. ஆள் விழுவான்.

அவனைப் போனிலேயே திட்டிவிட்டேன். ஆனால் இது அவன் ஒருவன் செய்யும் தப்பு இல்லை. கிரைண்டர் ஷாக் அடிக்கிறது என்று ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மாவரைக்கும் வீடு நம் சொந்தத்திலேயே இருக்கிறது. கீசர் போட்டால் டிரிப் ஆகிறது என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயர் இழுத்த வீடும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஓம் விதியை ஒப்பித்தவர்கள்தானே நீங்கள் எல்லாரும்?

பெட்டியில் இரண்டு காவல்காரர்கள் இருக்கிறார்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. ஆர்.சி.சி.பி. காப்பது மனிதனை. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அது எங்கோ வேறு வழியாக, ஒருவேளை ஓர் உடம்பு வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே துண்டிக்கும்.

"எம்.சி.பி.தான் இருக்கே சார்" என்பீர்கள். இதயத்தை நிறுத்த 100 மில்லி ஆம்பியர் தாராளம். 16 ஆம்பியர் என்பது அதைப்போல் 160 மடங்கு. நீங்கள் துடித்துக்கொண்டிருக்கும்போது எம்.சி.பி.க்கு ஒன்றுமே தெரியாது.

"எர்த் போட்டிருக்கேன் சார்" என்பீர்கள். நம் மலையில் பாறைதான் அதிகம். எர்த் குழியின் மின்தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 50ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையுமா? அசையாது. மோட்டார் பாடி முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும், மோட்டாரும் நன்றாக ஓடும். தொடுகிறவருக்குத்தான் தெரியவரும்.

16க்குப் பதில் 32 என்பதும் அதே கதை. சுவருக்குள் ஓடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். அது ஏறக்குறைய 20 ஆம்பியர்தான் தாங்கும். பிரேக்கரைப் பெரிதாக்கினால் அடுத்து சூடாவது ஒயர்.

சரி, பிரேக்கர் ஏன் விழுகிறது? எது விழுகிறது, எப்போது விழுகிறது என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

விழுவது ஆர்.சி.சி.பி. என்றால் கசிவு. மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு ஒயரில்: மண்ணுக்குள் டேப் சுற்றிப் புதைத்த ஜாயிண்ட், அல்லது வேறு லைனோடு கலந்துவிட்ட நியூட்ரல். விழாவிட்டால் மோட்டாரில். 500 வோல்ட் மெக்கர் வைத்து வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் அந்த மோட்டாரை ஓட்டக்கூடாது.

விழுவது எம்.சி.பி. என்றால், போட்ட கணமே விழுந்தால் ஷார்ட். உறுமிக்கொண்டு சுற்றாமல் சில நொடியில் விழுந்தால் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது உள்ளே ஏதோ சிக்கியிருக்கும். கால் மணி நேரம் ஓடி விழுந்தால் பேரிங், லோ வோல்டேஜ், அல்லது பிரேக்கரிலேயே லூசான ஸ்குரூ. ஒரு குதிரைசக்தி மோட்டார் 5, 6 ஆம்பியர் எடுக்கும். கிளாம்ப் மீட்டர் அதைவிட ரொம்ப அதிகம் காட்டினால் குற்றவாளி பிரேக்கர் இல்லை.

"சீசன் நேரம் சார், கெஸ்ட் காத்திருக்காங்க" என்றான். காத்திருக்கட்டும். அமெரிக்காவின் மின் விதிநூல் இந்த மாதிரிக் கசிவுக் காவலை முதன்முதலில் கட்டாயமாக்கியது 1968இல், நீச்சல் குளத்தின் நீருக்கடி விளக்குகளுக்குத்தான். ஈர உடம்பும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால். நமக்கும் மின்சாரம் புதுசு இல்லை. பைக்காரா தண்ணீரில் சிங்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது 1932இல்.

என் கோபத்துக்குக் காரணம் இதுதான். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்கிற முதலாளி அந்த மோட்டாரைத் தொடுவதே இல்லை. தினமும் காலையில் வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று ஃபில்டர் கழுவுகிறவன் பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு வருகிற பையன். மிச்சமாகும் காசு ஒருவருக்கு, போகும் உயிர் இன்னொருவருக்கு. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வேலியில் திருட்டுத்தனமாகக் கொடுத்த மின்சாரத்தில் மூன்று யானைகள் செத்தன. அங்கேயும் கொடுத்தவர் ஒருவர், தொட்டது வேறு உயிர். யானை முகாமை வைத்துப் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை மறக்கலாமா?

நேற்று அவன் மறுபடி பேசினான். மெக்கானிக்கல் சீல் கசிந்து தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கியிருக்கிறது. மெக்கர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியிருக்கிறது. மூன்று நாளாக அந்த ஆர்.சி.சி.பி. சொன்னது சத்தியம். சீலை மாற்றி, வைண்டிங் கட்டக் கொடுத்திருக்கிறான். குளம் மூடியிருக்கிறது. கெஸ்ட் யாரும் செத்துப்போகவில்லை.

இன்றைக்கு வீட்டுப் பாடம் ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். செய்தவர்கள் கீழே எழுதுங்கள். செய்யாதவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், வருகைப் பதிவு எடுத்த பழக்கம் இன்னும் போகவில்லை.