பாட்டுக்குப் பிறகு சொல்ல நினைத்தது

இரண்டு வாரங்களுக்கு முன், இரவு நிகழ்ச்சியின்போது ஒரு குறுஞ்செய்தி வந்தது. “அக்கா, ஆபிசில் என்னை பிஐபியில் போட்டுவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஏதாவது நல்ல பாட்டாகப் போடுங்கள்.” விற்பனை வேலையாம், ஜூரோங் பக்கம்.

பாட்டைப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தத் தம்பியிடம் சொல்ல நினைத்தது ஒரு பாட்டுக்குள் அடங்காது. நானும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள்தான்.

பிஐபி என்றால் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம். இத்தனை நாளுக்குள் இவ்வளவு செய்துகாட்டு, இல்லையென்றால் வேலை போகலாம் என்று எழுத்தில் கொடுப்பார்கள். வானொலிக்கு வருமுன், ஊடகப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஜூரோங் தொழிற்பேட்டையில் நகலெடுக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தேன். 90 நாளில் எட்டு இயந்திரங்கள் விற்க வேண்டும் என்றார்கள்.

முதல் மூன்று வாரம் அழுகையிலும் ராஜினாமா கடிதம் எழுதுவதிலும் போனது. கண்டுபிடித்தவர் அப்பா. “என்னம்மா, சாப்பாடு அப்படியே திரும்பி வருது?” என்றார். சொல்லிவிட்டேன்.

கப்பல் பட்டறையில் உழைத்தவர் அவர். “இந்த ஜூரோங்கையே தேறாதுன்னு சொன்னாங்க, தெரியுமா?” என்றார். உண்மைதான். 1961ல் சதுப்பு நிலத்தை நிரவத் தொடங்கியபோது ஆலைகள் எளிதில் வரவில்லை. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1968க்குள் 150க்கும் மேற்பட்ட ஆலைகள் இயங்கின. அந்த ஆண்டுதான் ஜூரோங் நகராண்மைக் கழகமும் பிறந்தது. “ஆனா அதுக்கு ஏழு வருசம் கெடைச்சுது. உனக்குத் தொண்ணூறு நாள்தான். உட்கார்ந்து அழ நேரமில்லை.”

மறுநாள் காகிதத்தை நிதானமாகப் படித்தேன். வாடிக்கையாளர் வாங்குவது என் கையில் இல்லை. யாரிடம் போய்ப் பேசுவது என்பது என் கையில் இருந்தது. ஒரு மூத்த மலாய் சகஊழியர் ஒருநாள் என்னுடன் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “மெஷின் மக்கர் பண்ணினால் திட்டு வாங்குவது யார்?” அதுவரை நான் வரவேற்பு மேசையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். அவதிப்படுவதோ, வெளியே லாரி காத்திருக்க, டெலிவரி ஆர்டர் அச்சிட முடியாமல் தவிக்கும் கிடங்கு கிளார்க். அவர்களைத் தேடிப் போகத் தொடங்கினேன்.

இன்னொன்றும் செய்தேன். வெள்ளிதோறும் மேலாளரைச் சந்தித்த கையோடு, பேசியதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். “இன்னும் முனைப்பு வேண்டும்” என்றால், “வாரத்துக்கு எத்தனை சந்திப்பு?” என்று கேட்டேன்.

எட்டுக்கு ஏழுதான் விற்றேன். ஆனாலும் வைத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை குறைந்தாலும் என் முயற்சி எழுத்தில் இருந்தது.

எல்லாருக்கும் இப்படி முடியாது. சில இடங்களில் முடிவு எடுத்த பிறகுதான் காகிதமே வரும். குழுவில் யாருமே எட்டாத இலக்கு, தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் சந்திப்புகள் இரண்டும் அதற்கு அறிகுறி. அப்போது வேறு வேலையும் தேடுங்கள். கோபத்தில் ராஜினாமா மட்டும் செய்யாதீர்கள். விருப்பமின்றி வேலை இழந்த, மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிக்காத சிங்கப்பூரர்களுக்கு, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின்கீழ் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை உதவி கிடைக்கும். தாமாக விலகியவர்களுக்கு அது இல்லை.

வேலை நியமனச் சட்டம் 2019 ஏப்ரல் முதல், சம்பள வரம்பின்றி, நிர்வாகிகளுக்கும் பொருந்துகிறது. சரியாக வேலை செய்யவில்லை என்று காரணம் காட்டி நீக்கினால் முதலாளியிடம் ஆதாரம் இருக்க வேண்டும். நீக்கியது நியாயமில்லை என்று தோன்றினால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பிடம் முறையிட வேண்டும். அப்போது அந்த வெள்ளிக்கிழமை மின்னஞ்சல்கள் கைகொடுக்கும்.

தம்பி, இதையெல்லாம் நாளைக்குச் செய்யலாம். இன்றிரவு ஒன்றே ஒன்று: வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் மூன்று வாரம் மறைத்ததை, அப்பா ஒரு சாப்பாட்டு டப்பாவை வைத்துக் கண்டுபிடித்தார். உங்கள் வீட்டிலும் யாராவது ஏற்கெனவே கவனித்திருப்பார்கள்.