பெயரறியா நஞ்சு

சீன நாட்டின் தென்மேற்கில் அமைந்த யுன்னான் மாநிலம் காட்டுக் காளான்களுக்குப் புகழ்பெற்றது. மழைக்காலம் தொடங்கியதும் மலைவாழ் மக்கள் காடுகளுக்குள் சென்று காளான் பறித்துச் சந்தையில் விற்பர். அம்மக்களிடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஓர் அச்சம் நிலவியது. நல்ல உடல்நலத்துடன் இருந்தவர்கள் திடீரென இதயம் நின்று மாண்டனர். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இறப்புகள் நேர்ந்தன. ஏறத்தாழ 400 பேர் இவ்வாறு உயிரிழந்தனர்.

காரணம் தேடிச் சென்ற சீன நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வாளர்கள் ஓர் ஒழுங்கைக் கண்டனர். இறப்புகளில் மிகப்பெரும்பாலானவை சூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களிலேயே நிகழ்ந்தன. கடல் மட்டத்திலிருந்து 1800 முதல் 2400 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர்களிலேயே நிகழ்ந்தன. இறந்தோர் இல்லங்களில் சிறிய வெண்ணிறக் காளான் ஒன்று மீண்டும் மீண்டும் தென்பட்டது. அளவில் சிறியது, பறித்த சிறிது நேரத்தில் பழுப்பேறிவிடுவது. ஆதலால் சந்தையில் அதற்கு விலை இல்லை. விலைபோகும் காளான்களை விற்றுவிட்டு, விலைபோகாததைத் தம் உணவாக்கிக்கொண்ட எளிய மக்களையே அந்நஞ்சு தாக்கியது.

அக்காளான் அறிவியலுக்கே புதியது. வகைப்பாட்டியல் அறிஞர்கள் அதனை ஆராய்ந்து, 2012ஆம் ஆண்டில் ட்ரோகியா வெனெனாட்டா என்னும் பெயரில் புதிய இனமாக விளக்கினர். வெனெனாட்டா என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'நஞ்சுடையது' என்பது பொருள். வேதியியல் அறிஞர்கள் அதிலிருந்து வழக்கத்திற்கு மாறான அமினோ அமிலங்களைப் பிரித்தெடுத்து, அவை எலிகளைக் கொல்லும் ஆற்றல் உடையவை எனக் காட்டினர்.

இங்கு ஒரு வினா எழலாம். பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே 'சிறிய வெள்ளைக் காளானை உண்ணாதீர்' என்று ஊர்தோறும் எச்சரித்தனர். இறப்புகளும் பெரிதும் குறைந்தன. அவ்வாறாயின், பெயரும் விளக்கமும் எதற்கு?

வெள்ளைக் காளான்கள் பல உள. அவற்றுள் உண்ணத்தக்கவையும் உண்டு. உயிர் கொல்பவையும் உண்டு. பொதுவான எச்சரிக்கையைக் காலப்போக்கில் மக்கள் மறப்பர். அல்லது எல்லாக் காளான்களையும் அஞ்சி வாழ்வாதாரத்தை இழப்பர். இன விளக்கமோ வடிவம், நிறம், வளரிடம், நுண்ணோக்கியில் தெரியும் வித்துகளின் அமைப்பு, மரபணு வரிசை ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. சான்று மாதிரி ஒன்று உலர்தாவரகத்தில் பாதுகாக்கப்படுகிறது. நாளை வேறொரு நாட்டில் ஐயத்திற்குரிய காளான் கிடைத்தால், அம்மாதிரியுடன் ஒப்பிட்டு உண்மையை அறியலாம். மருத்துவரும் வேதியியலாரும் தாம் ஒரே உயிரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று உறுதிகொள்ள அப்பெயரே துணை.

யுன்னானில் நேர்ந்த இறப்புகள் அனைத்திற்கும் இக்காளான் ஒன்றே காரணம் என்று முடிவுகட்டுவதும் முறையன்று. மரபுவழி இதயக் குறைபாடுகளின் பங்கையும் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். எனினும், ஐயத்திற்கு உரியதைத் தெளிவாக அடையாளம் கண்டால்தான் எஞ்சிய காரணங்களைத் தேடவே இயலும்.

புத்துயிர்களுக்குப் பெயரிடும் பணியை அருங்காட்சியகத்தின் தூசி படிந்த வேலை என்று எண்ணுவோர் உளர். உலகில் 22 முதல் 38 இலட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது அறிஞர்களின் மதிப்பீடு. அவற்றுள் பெயர் பெற்றவை ஒன்றரை இலட்சத்தைச் சற்றே கடந்தவை. எஞ்சியவற்றுள் உணவாகக் கூடியவை எத்தனை, மருந்தாகக் கூடியவை எத்தனை, உயிர் குடிப்பவை எத்தனை என்பதை எவரும் அறியார். காட்டிற்குச் சென்று கண்டு, ஒப்பிட்டு, எழுதி வைக்கும் பொறுமைமிக்க இளைஞர்களே அதனை அறியச் செய்ய வேண்டும். அத்துறைக்கு ஊக்கமளிப்பது ஓர் அரசு தன் எளிய குடிமக்களின் உணவுத் தட்டுக்கு அளிக்கும் காவலாகும்.