மழைக்கு ஒரு பூட்ஸ், வெயிலுக்கு ஒரு பூட்ஸ்

மேற்கு மாம்பலத்துக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ரயில் பாதையைத் தாண்டித் தியாகராய நகர் வழியே போனால், நந்தனத்தில் காஸ்மாபாலிடன் கிளப்பின் மைதானம் பச்சைப் பசேலென்று கிடக்கிறதே! உங்கள் பெண் அங்கே ஆட ஆசைப்பட்டால், பூட்ஸ் வாங்குமுன் பருவத்தைப் பாருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புல்லெல்லாம் ஈரம். மட்டையை வீசும்போது கால் வழுக்கினால் முழங்கால் போச்சு! அடியில் ரப்பர் முளைகள் வைத்த, தண்ணீர் புகாத பூட்ஸ்தான் அப்போது சரி. கோடையில் தரை இறுகிவிடும். காற்றோட்டமுள்ள லேசான பூட்ஸே சுகம். இரும்பு முள் வேண்டாம்; புல்லைக் கிழிக்கிறதென்று பல மைதானங்களில் தடுத்துவிட்டார்கள்.

மாலையில் கடைக்குப் போங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்து அளவே சரியான அளவு. நனைந்த பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். முளை தேய்ந்துவிட்டதா? கழற்றி மாட்டும் வகையானால் முளையை மட்டும் மாற்றலாம். பார்த்தீர்களா, பணமும் மிச்சம், பெண்ணின் காலும் பத்திரம்!