ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பிரேக் வேண்டாமா?

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பழைய காரை ‘ரெஸ்டோர்’ பண்ணுகிறோம் என்று நடக்கிற வேலையில் பெரும்பாதி, காரை நிற்க வைத்து அழகு பார்ப்பதற்கான வேலை. ஓடுகிற காரை நிறுத்துவதற்கான வேலை அதில் கடைசியில்தான் வருகிறது. பல சமயம் வருவதே இல்லை.

பஸ் டெப்போவில் 31 வருஷம் டிரம் பிரேக்கோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

என் சம்பந்தி ஒரு அம்பாசடர் வாங்கினார். மார்க் 2, 1968 மாடல். அவருடைய அப்பா அப்படி ஒரு வண்டி வைத்திருந்தாராம், அந்த ஆசை. தப்பில்லை. பெயின்டுக்கு ஒன்றரை லட்சம், சீட்டுக்குத் தனியாக, பம்பரையும் கிரில்லையும் குரோம் பூசித் தர ஒரு ஆளைத் தேடிப் பிடித்து அதற்குத் தனியாக. வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் 50 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்பக்கமிருந்து ஓர் ஊளை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி. க்ரவுன் பினியன் தேய்ந்துபோனதன் அடையாளம்.

உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014லேயே நின்றுவிட்டது. ஆகவே மெக்கானிக் புதுப்பேட்டையிலிருந்து முழு பின் ஆக்சிலையே கொண்டுவந்து மாற்றிவிட்டார். இதையும் நான் குறை சொல்ல மாட்டேன். க்ரவுனையும் பினியனையும் ஷிம் வைத்து, பல் பிடிக்கும் இடத்தைச் சாயம் தடவிப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இன்று குறைவு. நல்ல ஆக்சில் கிடைத்தால் முழுசாக மாற்றுவதே புத்திசாலித்தனம்.

வேலை முடிந்ததும் சம்பந்தி என்னைக் கூப்பிட்டார். "நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க சம்பந்தி, எனக்குத் திருப்தியா இருக்கும்." போனேன். மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். டிரம்மைக் கழற்றினீர்களா?

"அந்த ஆக்சிலு பிரேக்கோடதான் சார் வந்துச்சு. பெடல் நல்லா நிக்குது. ஐயா சண்டே மட்டும்தானே ஓட்டப் போறாரு, இது போதும் சார்."

இந்த ‘சண்டே மட்டும்தானே’ என்கிற வார்த்தையின் மேல்தான் எனக்குக் கோபம். அந்த ஒரு பட்டறையின் வார்த்தை இல்லை இது. பழைய கார் வைத்திருக்கிற படித்தவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தினமும் ஓடுகிற வண்டியின் பிரேக்கைவிட, வாரத்துக்கு ஒரு நாள் ஓடுகிற வண்டியின் பிரேக்தான் சீக்கிரம் கெடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். சென்னைக் காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் இறங்கித் துரு பிடிக்க வைக்கும். பிஸ்டன் அசையாமல் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். டிரம்மின் உள்பக்கம் துரு படியும். அட்ஜஸ்டர் இறுகும். ஓடுகிற வண்டியில் டிரைவர் காலில் ஏதாவது வித்தியாசம் தட்டுப்பட்டு வண்டி பட்டறைக்கு வந்துவிடும். நிற்கிற வண்டி எதையும் சொல்லாது. முதல் தடவை அவசரமாக மிதிக்கும்போதுதான் சொல்லும்.

அன்று நானே டிரம்மைக் கழற்றச் சொன்னேன். இடது பக்க லைனிங் முழுக்க கியர் ஆயிலில் ஊறி அல்வாத் துண்டு மாதிரி இருந்தது. வலது பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் காப்பிக் கலரில் தண்ணீர். இந்த வண்டியைத்தான் ‘பெடல் நல்லா நிக்குது’ என்று கொடுத்திருக்கிறார்கள்.

பெடல் நிற்பதற்கும் வண்டி நிற்பதற்கும் சம்பந்தமில்லை, ஐயா. ஆயில் கசியாதவரை, உள்ளே காற்று இல்லாதவரை பெடல் நிற்கும். ஒரு பக்கம் ஊறின லைனிங், மறுபக்கம் காய்ந்த லைனிங் இருந்தால் மிதித்ததும் ஒரு சக்கரம் பிடிக்கும், இன்னொன்று வழுக்கும். மழை ரோட்டில் வண்டியின் வால் எந்தப் பக்கம் போகும் என்று வண்டிக்கே தெரியாது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். இன்றைய கார்களில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும். சம்பந்தி வண்டியில் அந்தக் காப்பித் தண்ணீர் சிலிண்டர் ஒன்று பிய்த்துக்கொண்டால் நான்கும் போச்சு. பிறகு ஹேண்ட் பிரேக்கும் குலதெய்வமும்தான்.

ஆயில் ஏன் ஊறியது? ‘சீல் போயிருச்சு, மாத்திட்டா சரி’ என்பார்கள். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ப்ரீதர் என்று சின்னதாக ஒன்று இருக்கும். ஓடும்போது உள்ளே சூடாகிற காற்று வெளியேற வழி. அது மண்ணால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் வந்துவிடும். புது சீல் போட்டாலும் ஆறு மாதத்தில் அதே கதை. ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் முடிகிற வேலை. அன்று குத்திப் பார்த்தோம், கல்லாக இறுகிக் கிடந்தது.

ஆக்சில் மாற்றுவது என்பது நான்கு யு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை என்று நினைப்பதால்தான் இப்படியெல்லாம் ஆகிறது. பழைய ஆக்சில் வெளியே வந்த நாளைப் போல வசதியான நாள் பிரேக்குக்கு மறுபடி வராது. ஹோஸ், பைப், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் எப்படியும் கழற்றித்தான் ஆகவேண்டும். வருகிற ஆக்சிலைத் தரையில் வைத்து முழுக்கத் திறந்துவிடலாம். பல் கணக்கையும் அப்போதே பார்த்துவிடலாம். இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினால் பினியன் எத்தனை சுற்றுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு எண்ண வேண்டும். பழைய ஆக்சிலோடு ஒத்துப்போகாவிட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், இழுவையும் மாறும். ஸ்பிரிங் பட்டையின் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் இறங்கி, எடை அதன்மேல் விழுந்த பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிழியும். யு போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை இறுக்க வேண்டும். சம்பந்தி வண்டியில் இவற்றில் எதுவும் நடந்திருக்கவில்லை.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் புது லைனிங், ஒரு பக்கம் மட்டும் மாற்றுகிற பேச்சே கிடையாது. டிரம்மை லேத்தில் வைத்துப் பார்த்தோம், லேசாக முட்டை வடிவம். அளவு மிச்சம் இருந்ததால் கொஞ்சம் கடைந்தோம். அளவு தாண்டியிருந்தால் தூக்கிப் போட்டிருப்போம், கடையக் கடைய டிரம் மெலிந்து சூட்டில் வெடிக்கும். நான்கு சக்கரத்துக்கும் சிலிண்டர் புதுசு, மூன்று ரப்பர் ஹோஸும் புதுசு. சிலிண்டரைக் கழுவ பெட்ரோல் டப்பாவோடு வந்த பையனைத் தடுத்தேன். பெட்ரோல் பட்ட ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். ஷூவைச் சக்கரம் பிடிக்கும்வரை தள்ளி, பிறகு சுற்றும் அளவுக்குப் பின்வாங்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட்டோம். கேபிளை இறுக்கி பிரேக்கைச் ‘சரி’ செய்கிற வித்தை நம் ஊரில் ரொம்பப் பிரசித்தம். அது ஜுரத்துக்குத் தெர்மாமீட்டரை உதறி வைக்கிற வைத்தியம். கடைசியில், மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தள்ளியிருக்கும் சக்கரத்தில் ஆரம்பித்துக் காற்று எடுத்தோம். எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது. குரோமுக்கு அதைவிட அதிகம் கொடுத்திருந்தார்.

இப்போது எதிர்க்கட்சிகளுக்கு வருகிறேன்.

முதல் கட்சி, ‘டிரம்மே வேஸ்ட், டிஸ்க் போட்டுருங்க’ என்கிற இளைஞர்கள். டிரம் பிரேக் கேவலமான சாமான் இல்லை. சுற்றுகிற டிரம்மே முன் ஷூவை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். கால் கொடுக்கிற பலத்தைவிட அதிகம் பிடிக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, அதனால்தான் அதற்குப் பூஸ்டர் தேவைப்படுகிறது. மாஸ்டர் சிலிண்டர் அளவு மாற வேண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் பலம் பிரிப்பது மாற வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தால் நான் கை தட்டுவேன். வேறு கார் டிஸ்க்கை வெல்டிங் வைத்து ஒட்டவைப்பதற்குத்தான் நான் எதிரி. டிரம்முக்கு உண்மையான குறை சூடு. தொடர்ந்து மிதித்தால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் பிடிப்பும் குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பிரேக்கிலேயே இறங்கினால் எந்த டிரம்மும் கைவிடும். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்கு என்று எங்கள் டெப்போவில் புது டிரைவர்களுக்குச் சொல்வோம். அம்பாசடருக்கும் அதே பாடம்தான்.

இரண்டாவது கட்சி, ‘ஒரிஜினல்’ பக்தர்கள். ஹோஸ் பைப்பில் பழைய கம்பெனி முத்திரை இருக்கிறதாம், அதனால் மாற்றக் கூடாதாம். ரப்பருக்கு ஏது ஐயா பாரம்பரியம்? 2021ல் மத்திய அரசு 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்று தனி நம்பர் வரிசை கொண்டுவந்தது. அந்த விதி கூடாது என்று சொல்கிற மாற்றம் சேஸிஸ், பாடி, என்ஜின் பற்றியது. வெடித்த ஹோஸைக் காப்பாற்று என்று அதில் எங்கும் இல்லை.

இதே பக்தர்கள்தான் ‘பெட்டி பிரிக்காத பழைய லைனிங்’ என்று நெட்டில் தேடி வாங்குகிறார்கள். இங்கே எனக்குக் கோபம் இல்லை, பயம். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே கறுப்பு மாவு மாதிரி இருக்கிறதே, அதில் அந்த நார் கலந்திருக்கலாம். சம்பந்தி வண்டி டிரம்மைக் கழற்றியதும் அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? கம்ப்ரஸர் பைப்பை எடுத்தான். ஒரு ‘புஸ்’ அடித்தால் டிரம் சுத்தம், பட்டறை முழுக்கத் தூசி. பதினெட்டு வயசு இருக்கும். முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் வருத்தும் பொருள் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். நோய் வெளியே தெரிய 20, 30, 40 வருஷம்கூட ஆகலாம். நம் உச்ச நீதிமன்றம் 1995லேயே ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் ஆரோக்கியம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் பட்டறைப் பையன் எந்தக் கம்பெனி ரெஜிஸ்டரில் இருக்கிறான்? அவனுக்கு இருமல் வரும்போது நம் வண்டியும் இருக்காது, நாமும் இருக்க மாட்டோம்.

"வை தம்பி அதை" என்று பைப்பை வாங்கி வைத்துவிட்டு, ஒரு தட்டில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கேட்டேன். ஈரத்தில் நனைத்துக் கழுவி, அழுக்கைத் தட்டிலேயே பிடித்து, பழைய துணியோடு கவரில் கட்டிவிட்டால் தூசி பறக்காது. கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். கார் கொண்டுபோய் விடுகிறவர்கள் இதைக் கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டும். நாம் சொன்னால்தான் செய்வார்கள், காசு கொடுக்கிறவர்கள் நாம்.

நாட்டுக்கே பிரேக் செய்து கொடுக்கிற ஊர் இது. பாடியில் 1962லிருந்து பிரேக் தொழில் நடக்கிறது. ஜெனரல் பீட்டர்ஸ் ரோட்டில் நின்று கேட்டால் எந்த சைஸ் கிட்டும் தேடி எடுத்துத் தருகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு ‘பார்ட்ஸ் கிடைக்கலை’ என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பழைய கார் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்டுக்கு மார்க், குரோமுக்கு மார்க், வண்டிக்காரர் போட்டு வருகிற தொப்பிக்குக்கூட மார்க் போடுகிறீர்கள். நுழைகிற வாசலில் ஒரு சரிவு மேடை வையுங்கள். வண்டியை அதன்மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு டிரைவர் இறங்கட்டும். பிறகு பத்து மீட்டர் ஓடவிட்டு ஒரு தடவை மிதிக்கச் சொல்லுங்கள், கோணல் இல்லாமல் நிற்கிறதா பார்ப்போம். இதில் தேறின வண்டிக்கு மட்டும் மற்ற மார்க். யாராவது இதை நடத்த முன்வந்தால் சொல்லி அனுப்புங்கள், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைகளை நான் கொண்டு வருகிறேன். சம்பந்தியும் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.